போனை வாங்கி வைத்துவிடலாமா?

கேள்வி: மகனுக்கு 9 வயது, விளையாட்டில் யார் யாரோடோ பேசுகிறான். மகளுக்கு 14, நான் பக்கத்தில் போனாலே போனைக் கவிழ்த்து வைக்கிறாள். இருவருக்கும் கண்காணிப்பு ஆப் போடலாமா, இல்லை போனையே வாங்கி வைத்துவிடலாமா? – ஒரு வாசகி

பதில்: மகனுக்குப் போடுங்கள், அதுவும் அவனிடம் சொல்லிவிட்டு. மகளுக்கு ரகசியமாகப் போட்டால் கண்டுபிடித்துவிடுவாள், உங்களுக்குத் தெரியாமல் இன்னொரு கணக்கு தொடங்குவாள், அப்புறம் அங்கே என்ன நடந்தாலும் உங்களிடம் வரமாட்டாள்.

'தெரியாதவர்களோடு பேசாதே' என்று மகனிடம் சொல்லிப் பயனில்லை, நாலு நாள் சேர்ந்து விளையாடிவிட்டால் அவனைப் பொறுத்தவரை அந்த ஆள் கூட்டாளி. ஆள் யார் என்பதை விட்டுவிட்டு, அவர் கேட்பதை வைத்து ஆபத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். சும்மா காயின் அனுப்புவது, எந்த ஸ்கூல் என்று விசாரிப்பது, 'வேறு ஆப்புக்கு வா' என்று கூப்பிடுவது, எல்லாவற்றுக்கும் மேலாக 'அம்மாகிட்ட சொல்லாதே' என்பது, இதில் எது வந்தாலும் உடனே உங்களிடம் ஓடி வர வேண்டும். சாட் வசதியை நிறுத்த பெரும்பாலான விளையாட்டுகளின் செட்டிங்ஸில் வழி இருக்கிறது. ஹாலில் உட்கார்ந்து விளையாடட்டும்.

மகளிடம் மூடி மறைக்காமல் பேசுங்கள். அவள் வயதுப் பிள்ளை மாதிரி ஒரு கணக்கு நட்பாகி, இனிக்க இனிக்கப் பேசி, ஒரு போட்டோ கேட்கும். கிடைத்த மறுநிமிடமே 'உன் ஃபாலோயர் எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன், பணம் கொடு' என்று மிரட்டும். பையன்களும் இதில் நிறையவே மாட்டுகிறார்கள். சாதாரண போட்டோவை வைத்தே ஏஐ மூலம் ஆபாசப் படம் செய்துவிட முடிகிறது, அதனால் எதையும் அனுப்பாத பிள்ளைக்கும் இது நடக்கலாம். பணம் கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். கொடுக்கக் கூடாது, பதில் போடக் கூடாது, பயத்தில் சாட் மெசேஜ்களை அழிக்கவும் கூடாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யட்டும், போலீஸுக்கும் போங்கள். 18 வயதுக்குள் எடுத்த படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் டிஜிட்டல் ரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு மட்டும் போகும், இதில் சேர்ந்துள்ள தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும்.

இவ்வளவும் அவள் வாய் திறந்தால்தான். போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தே பல பிள்ளைகள் யாரிடமும் சொல்லாமல் தவிக்கிறார்கள். 'என்ன நடந்திருந்தாலும் சொல், போனை வாங்க மாட்டேன்' என்று இப்போதே வாக்குக் கொடுங்கள், கொடுத்ததைக் காப்பாற்றுங்கள். அவள் வந்து நிற்கும்போது 'ஏன் அனுப்பினாய்?' என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள், மிரட்டியவன்தான் குற்றவாளி.

அப்புறம் இன்னொன்று. பல தளங்கள் 13 வயதுக்குக் கீழ் அனுமதிப்பதில்லை என்பதால் பெற்றோரே பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இன்ஸ்டாகிராம் 2024-இல் கொண்டுவந்த டீன் கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும், முன்பின் தொடர்பில்லாதவர்கள் அதற்கு மெசேஜ் அனுப்ப முடியாது. வயது 25 என்று பதிவாகியிருந்தால் அந்தப் பாதுகாப்பு வராமலே போகலாம். மகளோடு உட்கார்ந்து முதலில் அந்த வருடத்தைச் சரிபாருங்கள்.