இரண்டு லிங்க் இருந்தும், ஒன்று அறுந்ததும் நெட்வொர்க் நின்றுபோவது ஏன்?

"எங்களிடம் இரண்டு லிங்க் உண்டு. ஒன்று போனால் டேட்டா தானாக இன்னொன்றில் போகும் என்றுதான் சொன்னார்கள். போகவில்லை, முக்கால் மணி நேரம் எல்லாம் நின்றது. ரூட்டர் பழுதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் ஒரு மீட்டிங்கில் பன்னிரண்டு பேர் முன்னால் என்னிடமும் கேட்டார்கள். அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. பேக்கப் லிங்க் நன்றாகவே இருந்திருக்கும். ரூட்டரிலும் கோளாறு இருந்திருக்காது. முதல் லிங்க் செத்துப்போனது ரூட்டருக்குத் தெரியவே இல்லை, அவ்வளவுதான். மாற்றுப் பாதை கையில் இருப்பது ஒரு விஷயம். பழைய பாதை போய்விட்டது என்று தெரிந்துகொள்வது முற்றிலும் வேறு விஷயம். எல்லோரும் முதலாவதற்குப் பணம் செலவழிக்கிறார்கள், இரண்டாவதைப் பற்றி யோசிப்பதே இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்போது எனக்கு இரவு ஷிப்ட். அலுவலகத்துக்கும் டேட்டா சென்டருக்கும் நடுவே இரண்டு லிங்க். ஒன்று வேகமான ஃபைபர். மற்றது வேறொரு நிறுவனத்தின் லிங்க், வேகம் அதில் பத்தில் ஒரு பங்குதான். இரண்டு முனையிலும் ஸ்டாட்டிக் ரூட், அதாவது கையால் எழுதி வைக்கும் நிலையான பாதை, போட்டிருந்தார்கள். முதல் பாதை ரூட்டிங் டேபிளில் (எங்கே போக எந்த வழி என்று ரூட்டர் வைத்திருக்கும் பட்டியலில்) இருக்கும்வரை டேட்டா அதில்தான் போகும். அது விழுந்தால் இரண்டாவது மேலே ஏறும். அதை அமைத்தது நான் இல்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கான்ஃபிகரேஷனைப் படித்துப் பார்த்து "சரியாகத்தான் இருக்கிறது" என்று நினைத்தவன் நான். அந்தப் பொறுப்பை நான் தட்டிக்கழிக்கவில்லை.

சோதிக்காமலும் விடவில்லை. ஆரம்பத்தில் ஃபைபர் நேராக ரூட்டருக்குள்ளேயே போனது. அதை உருவினால் இரண்டு முனையிலும் ஒளி நின்றுவிடும், போர்ட் டவுன் ஆகும் (இணைப்பு இல்லை என்று ரூட்டருக்குத் தெரியும்), பாதை மாறும். சோதனையில் அப்படியே மாறியது, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பின்னால் ரூட்டரை மாற்றியபோது ஃபைபர் போர்ட் இல்லாத மாடல் வந்தது. அதனால் இரண்டு பக்கமும் ஒரு மீடியா கன்வெர்ட்டரை, அதாவது ஃபைபரின் ஒளியைக் காப்பர் கேபிளில் போகும் மின்சிக்னலாக மாற்றும் பெட்டியை, நடுவில் வைத்தார்கள். மறுபடி யாரும் சோதிக்கவில்லை.

ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு மேல் பிங் (மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுப் பதில் வாங்கும் சோதனை) நின்றது. ரூட்டரில் பார்த்தால் போர்ட் 'அப்'. ரூட்டிங் டேபிளில் முதல் பாதை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. பேக்கப் லிங்க்கைத் தனியாகச் சோதித்தேன், அதுவும் உயிரோடு இருந்தது. அரைமணி நேரம் ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டு அங்கேயே தேடிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் ரேக்கின் பின்பக்கம் போய், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். கீழ்த் தட்டில், கேபிள் கட்டுக்கு அடியில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அந்தப் பெட்டி. காப்பர் பக்க விளக்கு பளிச்சென்று பச்சை. ஃபைபர் பக்க விளக்கு அணைந்து கிடந்தது. வெளியே எங்கோ ஃபைபர் அறுந்திருக்கிறது. ரூட்டர் பார்ப்பதோ ஒரு முழம் தள்ளி இருக்கும் கன்வெர்ட்டரை மட்டும்தான். கன்வெர்ட்டருக்குக் கரண்ட் இருக்கும்வரை அந்தப் போர்ட் 'அப்'தான். பாக்கெட்டை எல்லாம் (டேட்டா துண்டுகளை) ரூட்டர் நம்பிக்கையோடு அங்கே அனுப்பிக்கொண்டே இருந்தது, ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை.

காப்பர் கேபிளை உருவினேன். போர்ட் டவுன், இரண்டாவது பாதை மேலே வந்தது. ஆனாலும் பிங் வரவில்லை! அந்த ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது. பிறகுதான் உறைத்தது: என் பாக்கெட்டுகள் இப்போது பேக்கப் வழியாகப் போய்ச் சேர்கின்றன. பதிலைத்தான் அந்த முனை ரூட்டர் இன்னும் செத்த லிங்க்கிலேயே போடுகிறது. அங்கே இருந்தவருக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, உங்க பக்கம் கன்வெர்ட்டர்ல இருந்து ரூட்டருக்கு வர்ற கேபிளை உருவுங்க."

"எது தம்பி? லேபிளே இல்லையே இங்க."

கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போய் அவர் கண்டுபிடித்து உருவியதும் பிங் வந்தது. மொத்தம் 47 நிமிடம்.

"ஸ்டாட்டிக் ரூட்டை யார் இன்னும் போடுகிறார்கள்" என்று சிலர் சொல்வார்கள். சின்ன இடங்களில் இன்றும் போடுகிறார்கள், அது குற்றமில்லை. மறுமுனையைப் பிங் செய்து பார்த்து, பதில் வராவிட்டால் அந்த ரூட்டை எடுத்துவிடும் வசதி பல ரூட்டர்களில் இருக்கிறது. எங்களிடம் அது போடப்படவில்லை. இன்னொன்று, பல மீடியா கன்வெர்ட்டர்களில் ஃபைபர் போனால் காப்பரையும் அணைத்துவிடும் வசதி உண்டு. எங்கள் பெட்டியிலும் அதற்கு ஒரு குட்டி டிப் ஸ்விட்ச் இருந்தது, 'ஆஃப்' நிலையில்.

சரி, ரூட்டர்கள் தங்களுக்குள் பேசிப் பாதையைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் ரூட்டிங் புரோட்டோகால் போட்டால் தீர்ந்துவிடுமா? தீரும், ஆனால் எத்தனை விநாடியில் என்று பாருங்கள். அவற்றில் ஒன்றான ஓஎஸ்பிஎஃப்பில் சாதாரணமாக 10 விநாடிக்கு ஒரு ஹலோ, அதாவது 'இருக்கிறேன்' என்ற செய்தி, போகும். 40 விநாடி ஹலோ வராவிட்டால்தான் பக்கத்து ரூட்டர் செத்ததாக எடுத்துக்கொள்ளும். வெவ்வேறு நிறுவனங்களின் நெட்வொர்க்குகளை இணைக்கும் புரோட்டோகாலான பிஜிபி இன்னும் நிதானம். அதன் ஆவணம் பரிந்துரைக்கும் ஹோல்டு டைம் (செத்ததாக முடிவு செய்யும் முன் காத்திருக்கும் நேரம்) 90 விநாடி, பல ரூட்டர்களில் 180 இருக்கிறது. புதுப் பாதையைக் கணக்குப் போடுவதற்கு நேரமே ஆகாது. ஓஎஸ்பிஎஃப் அதற்குப் பயன்படுத்தும் டைக்ஸ்ட்ரா அல்காரிதம் எங்களைப் போன்ற நெட்வொர்க்கில் சில மில்லி விநாடியில் முடிந்துவிடும். இன்டர்வியூவில் அந்த அல்காரிதத்தைத்தான் போர்டில் எழுதச் சொல்கிறார்கள். "லிங்க் செத்தது ரூட்டருக்கு எப்படித் தெரியும்?" என்று என்னிடம் இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

இதற்காகவே பிஎஃப்டி என்று ஒன்று இருக்கிறது. 2010இல் ஆர்எஃப்சி 5880 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வந்தது. இரண்டு ரூட்டர்களும் ஒன்றுக்கொன்று சின்னப் பாக்கெட்டுகளை இடைவிடாமல் அனுப்பிக்கொள்ளும். 50 மில்லி விநாடிக்கு ஒன்று, தொடர்ந்து மூன்று வராவிட்டால் டவுன் என்று வைத்தால், 150 மில்லி விநாடியில் தெரிந்துவிடும். உடனே ஓஎஸ்பிஎஃப்புக்குத் தகவல் போகும். எல்லோரும் 50 வையுங்கள் என்று சொல்லவில்லை. லிங்க் கொஞ்சம் தடுமாறும் ரகமாக இருந்தால் பாதை மாறி மாறிக் குதிக்கும், அது நின்றுபோவதைவிட மோசம். நாங்கள் 300 வைத்தோம்.

பெரிய நெட்வொர்க்குகளில் இன்னொரு சிக்கல் உண்டு. தகவல் எல்லா ரூட்டருக்கும் ஒரே நொடியில் போய்ச் சேராது. புது வரைபடம் கிடைத்த ரூட்டர் பாக்கெட்டைப் பக்கத்து ரூட்டருக்குத் தள்ளும். பழைய வரைபடத்தோடு இருக்கும் அது திரும்ப இங்கேயே தள்ளும். டிடிஎல் (இன்னும் எத்தனை ரூட்டர் தாண்டலாம் என்ற எண்ணிக்கை) தீரும்வரை பாக்கெட் இரண்டுக்கும் நடுவே அல்லாடிச் சாகும். அதற்காகத்தான் லிங்க் அறுவதற்கு முன்பே மாற்று வழியைக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளும் முறைகள் வந்தன. பாக்கெட்டில் லேபிள் ஒட்டி அனுப்பும் எம்பிஎல்எஸ்ஸுக்கு 2005இல் ஆர்எஃப்சி 4090, சாதாரண ஐபிக்கு 2008இல் ஆர்எஃப்சி 5286. இரண்டாவதின் நிபந்தனை எளிமையானது: பாக்கெட்டை யாரிடம் கொடுக்கிறோமோ, அவர் அதைத் திரும்ப நம்மிடமே அனுப்பிவிடக் கூடாது. இரண்டே லிங்க் உள்ள உங்களுக்கு இதெல்லாம் தேவைப்படாது.

ஆனால் இது தேவைப்படும்: உங்கள் இரண்டு லிங்க்கும் ஒரே பள்ளத்தில் போகின்றனவா என்று விசாரியுங்கள். இரண்டு நிறுவனம், இரண்டு பில் என்பதால் இரண்டு பாதை என்று ஆகிவிடாது. 1986 டிசம்பர் 12 அன்று இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் ஆர்ப்பாநெட்டில் நியூ இங்கிலாந்து பகுதி முழுவதும் துண்டிக்கப்பட்டது. அங்கே போன 7 இணைப்புகளும் ஒரே ஃபைபர் கேபிளுக்குள் இருந்தன, அந்தக் கேபிள் அறுந்தது. அந்த மாதிரி இடத்தில் பிஎஃப்டி போட்டும் பயனில்லை.

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. அந்த இரவு முடிந்து காலை 8 மணிக்கு ஷிப்ட் முடித்தேன். 11 மணிக்கு ரிவ்யூ மீட்டிங், நேரில் வரவேண்டும் என்றார்கள். தூங்காத கண்ணோடு போய் உட்கார்ந்தேன். அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் "பணியாளரின் தாமதம்" என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். அந்த 47 நிமிடத்தில் "எப்போது வரும்?" என்று கேட்டு எனக்கு 19 போன் அழைப்புகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் எழுந்து பதில் சொன்ன நேரம் அந்த அறிக்கையில் எங்கும் இல்லை. இரவில் வேலை செய்பவரைத் தூங்கவிட்டு மாலையில் கேளுங்கள். தெளிவான பதிலும் கிடைக்கும், நியாயமாகவும் இருக்கும்.

பிறகு நாங்கள் செய்த சோதனையை நீங்களும் செய்யுங்கள். வேலை குறைவான நேரத்தில், முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிங்கை ஓடவிட்டு, ரூட்டரில் உள்ள கேபிளைத் தொடாமல் கன்வெர்ட்டருக்கு வெளியே ஃபைபரை உருவுங்கள். எத்தனை பிங் தவறுகிறது என்று எண்ணுங்கள். எங்களுக்கு ஒன்று தவறியது. பேக்கப் லிங்க் மெலிதாக இருந்தால் அன்றாட நெரிசலை அது தாங்குகிறதா என்றும் பாருங்கள். எங்கள் இரவு நேர டேட்டா நகல் எடுப்பு ஒன்றே அதை நிரப்பிவிட்டது, அதைத் தனியாகக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது.

நின்றபோது உங்கள் ரூட்டர் போர்ட்டின் விளக்கு எரிந்துகொண்டிருந்ததா, ஸ்டாட்டிக் ரூட்டா, ரூட்டிங் புரோட்டோகாலா என்பதைக் கேள்வியில் சேர்த்துவிடுங்கள். பார்த்துவிட்டு மேற்கொண்டு எழுதுகிறேன்.