அம்பு போர்டு சுழற்ற ஆள் வைக்கலாமா? கடைக்காரர்கள் கேட்டதும் என் பதில்களும்

அமெரிக்காவில் சிக்னல் ஓரமாக ஆறடி நீள அம்பு போர்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு ஒருவர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சைன் ஸ்பின்னர் என்று பெயர். நான் இரண்டு வருடம் அந்த போர்டைப் பிடித்து நின்றேன், அப்புறம் ஒன்பது வருடமாக சான் டியேகோ பக்கம் சின்னக் கடைகளுக்கு ஆட்களைப் பழக்கி அனுப்புகிறேன். நம் ஆட்கள் நிறையப் பேர் உணவகமும் மளிகையும் திறந்திருப்பதால் கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. முடிந்தவரை எல்லாவற்றுக்கும் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஃப்ரீமான்ட், உணவகம்: உண்மையிலேயே ஆள் வருமா, இல்லை காசு தண்டமா?

கடை எங்கே இருக்கிறது, என்ன விற்கிறீர்கள், இந்த இரண்டையும் பொறுத்தது. சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ஸ்ட்ரிப் மாலின் (ஒரே பார்க்கிங்கைச் சுற்றி வரிசையாக இருக்கும் கடைகள்) பின்வரிசையில் மாட்டிக்கொண்ட கடைக்கு இது நன்றாகவே கைகொடுக்கும். பார்த்த அந்த நிமிடமே காரைத் திருப்பலாமா என்று முடிவெடுக்கக்கூடிய பொருளாகவும் இருக்க வேண்டும்: மதியச் சாப்பாடு, முடிவெட்டு, கார் வாஷ், மூடப்போகும் கடையின் தள்ளுபடி. வரி தாக்கல் செய்து தரும் லிபர்ட்டி டாக்ஸ் நிறுவனத்துக்காரர்கள் ஜனவரியிலிருந்து ஏப்ரல் 15 வரை சுதந்திர தேவி வேடத்தில் ஆளை நிறுத்துவது இதனால்தான், அந்த நேரத்தில் வரி தாக்கல் எல்லார் மண்டையிலும் ஓடிக்கொண்டிருக்கும். பட்டுப்புடவைக் கடைக்கும் பரதநாட்டிய வகுப்புக்கும் நான் ஆள் அனுப்புவதில்லை. அதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பேசி எடுக்கிற முடிவு.

கணக்கு இப்படிப் போடுங்கள். மணிக்கு 20 டாலர் வீதம் 4 மணி நேரத்துக்கு 80, சம்பள வரி, காப்பீடு சேர்த்து 100 என்று வைத்துக்கொள்வோம். 15 டாலர் சாப்பாட்டில் பொருள் செலவு போக 10 டாலர் நிற்கிறது என்றால் கூடுதலாகப் பத்து பேர் வந்தால் போட்ட காசு வந்துவிடும். அந்தப் பத்து பேர் போர்டைப் பார்த்து வந்தவர்களா என்று தெரிய ஒரு வழி, கல்லாவில் கேட்பது. இன்னொரு வழி, இரண்டு வாரம் செவ்வாய், வியாழன் ஆளை நிறுத்துங்கள், அடுத்த இரண்டு வாரம் அதே கிழமைகளில் நிறுத்தாமல் பாருங்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைச் செவ்வாயோடு ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது.

எடிசன், மளிகைக் கடை: போர்டில் கடைப் பெயர், போன் நம்பர், வெப்சைட் எல்லாம் போடலாம்தானே?

வேண்டாம். மணிக்கு 35 மைல் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 51 அடி தாண்டிவிடும். சாலைப் பலகைகளுக்கு எழுத்தின் உயரம் ஒரு அங்குலத்துக்கு 30 அடி தூரம் என்று ஒரு கணக்கு உண்டு. அதன்படி 8 அங்குல எழுத்தை 240 அடியிலிருந்து படிக்கலாம், அதாவது ஓட்டுநருக்குக் கிடைப்பது ஐந்து நொடிக்கும் குறைவு. அதுவும் அசையாமல் நிற்கும் பலகைக்கு. கையில் ஆடுகிற போர்டுக்கு அதில் பாதி கிடைத்தால் அதிகம். அந்த நேரத்தில் அவர் பிரேக், சிக்னல், பின்னால் வரும் வண்டி எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்.

மூன்று சொல்லுக்கு மேல் போகாதீர்கள். ஒரு உணவகக்காரர் நான்கு சொல் கொண்ட தன் கடைப் பெயரை அழகான சாய்வெழுத்தில் அடித்து வந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சாலையின் எதிர்ப்பக்கம் நின்று என்னாலேயே படிக்க முடியவில்லை. அதை மாற்றி ஆங்கிலத்தில் தோசை என்ற ஒரே சொல், கீழே விலை, மஞ்சள் மேல் கறுப்பு என்று போட்டோம். கடைப் பெயரைச் சொல்ல வாசல் பலகை இருக்கிறது. அம்பின் வேலை வண்டியைத் திருப்புவது மட்டும்தான்.

டாலஸ்: சும்மா பிடித்துக்கொண்டு நின்றால் போதாதா? இந்த வித்தையெல்லாம் எதற்கு?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. விளம்பரத்தை உடம்பில் மாட்டிக்கொண்டு நடக்கும் ஆட்கள் 19ஆம் நூற்றாண்டு லண்டனிலேயே உண்டு. முன்னும் பின்னும் அட்டையைத் தொங்கவிட்டு நடப்பார்கள். போர்டைச் சுழற்றுவதைப் பயிற்சி கொடுத்து ஒரு தொழிலாக்கியதில் 2002-ல் சான் டியேகோவில் மேக்ஸ் டுரோவிக் நண்பர்களோடு தொடங்கிய ஏரோ என்ற நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. லாஸ் வேகாஸ் ஃப்ரீமான்ட் தெருவில் இதற்கு உலகப் போட்டியே நடந்திருக்கிறது. போர்டை முதுகுக்குப் பின்னால் உருட்டி, வானத்தில் வீசி, குட்டிக்கரணம் போட்டுப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் கடைக்கு ஆள் கொண்டுவருவது சுழற்றல் இல்லை, அது நிற்கும் நொடிதான். என்னிடம் இருந்தவர்களில் கெட்டிக்காரரை ஒரு மதியம் முழுக்க எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். மணிக்கட்டில் துணி டேப் சுற்றியிருப்பார், போர்டின் விளிம்பிலும் கறுப்பு டேப், இல்லாவிட்டால் அந்த நெளி பிளாஸ்டிக் விரல் இடுக்கைக் கிழித்துவிடும். சிவப்பு விழுந்து வண்டிகள் நின்றதும் சுழற்றுவார், கண்கள் எல்லாம் அவர் பக்கம் போகும். பச்சை விழ இரண்டு மூன்று நொடி இருக்கும்போது போர்டை மார்புக்கு நேரே டக்கென்று நிறுத்தி, எழுத்து சாலையைப் பார்க்க, அம்பு கடையைக் காட்ட, முதல் வரிசையில் இருக்கும் ஓட்டுநரைப் பார்த்துத் தலையசைப்பார். பச்சை விழும். இரண்டாவது, மூன்றாவது வண்டி உள்ளே திரும்பும். விடாமல் சுழற்றுகிறவரைப் பார்த்துக் கைதட்டிவிட்டு நேராகப் போய்விடுவார்கள்.

சன்னிவேல்: எம்.எஸ். படிக்க வந்த பையன் ஒருவன் வேலை கேட்கிறான். கையில் கேஷ் கொடுத்து வார இறுதியில் நிறுத்தலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் அனுமதி இல்லாமல் கல்லூரி வளாகத்துக்கு வெளியே வேலை செய்யக் கூடாது. நட்ட நடு ரோட்டோரம் போர்டோடு நிற்பதைவிட வெளிப்படையான வேலை எது? உங்களுக்கு ஒரு நாள் கூட்டம், அந்தப் பையனுக்கு விசாவே போகும். சொந்தக்காரர் சும்மா உதவிக்கு நிற்கிறார் என்பதும் நடக்காது, லாபத்துக்கு நடத்தும் கடையில் சம்பளமில்லாத் தொண்டர் என்பதைச் சட்டம் ஏற்பதில்லை.

வேலை செய்ய அனுமதி உள்ளவரையும் முறையாகச் சம்பளப் பட்டியலில் வையுங்கள். கலிஃபோர்னியாவில் 2020-லிருந்து அவரை ஊழியர் இல்லை, தனி ஒப்பந்தக்காரர் என்று காட்டுவது கடினம், ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் தொழிலாளர் காப்பீடு கட்டாயம். குறைந்தபட்சக் கூலி 2025-ல் மணிக்கு 16.50 டாலராக இருந்தது, சில நகரங்களில் அதைவிட அதிகம். நான் அதற்கும் மேலேதான் கொடுக்கச் சொல்வேன். குறைந்த கூலிக்கு வந்தவர் இரண்டாம் மணி நேரத்தில் போர்டைத் தரையில் ஊன்றி அதன்மேல் சாய்ந்து போன் பார்ப்பார். அதை உங்கள் வாடிக்கையாளர்களும் பார்ப்பார்கள்.

சான் ஹோசே: என் பையனுக்கு 15 வயது. அவன் நிற்கலாமா?

மத்திய அரசு விதிப்படி 14, 15 வயதுப் பிள்ளைகள் முதலாளியின் கடைக்குள்ளோ நேர் வாசலிலோ மட்டும் போர்டு பிடிக்கலாம். தெருமுனைக்கு அனுப்பக் கூடாது. மாநில விதி, பள்ளி தரும் வேலை அனுமதி எல்லாம் தனி. பதினாறு ஆகட்டும்.

ஃபீனிக்ஸ்: ஜூன் மாதம் கடை திறக்கிறோம். வெயில்தான் கவலை.

கவலைப்பட வேண்டியதுதான். உங்கள் ஊரில் கோடையில் 110 டிகிரி ஃபாரன்ஹீட் சர்வசாதாரணம், தார் ரோட்டின் அனல் வேறு கீழிருந்து ஏறும். கலிஃபோர்னியா விதியைப் பின்பற்றுங்கள்: 80 டிகிரி தாண்டினால் நிழல் இருக்க வேண்டும், ஆளுக்கு மணிக்கு ஒரு குவார்ட் தண்ணீர், அதாவது லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கேட்டபோதெல்லாம் நிழலில் குறைந்தது ஐந்து நிமிட ஓய்வு. 95 தாண்டினால் சில தொழில்களுக்கு இன்னும் கண்டிப்பு. வெயிலில் ஒரு பையனுக்குத் தலை சுற்றி நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் உள்ளே ஏசியில் இருந்தார், யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து நிழற்குடையும் ஐஸ் பெட்டியும் இல்லாத இடத்துக்கு ஆள் அனுப்புவதில்லை. உங்களுக்குச் சொல்வது, காலை டிபனுக்கு மட்டும் 7 முதல் 9 வரை நிறுத்துங்கள். மதியத்துக்கு வேண்டாம், அக்டோபர் வரை பொறுங்கள்.

அதே கடைக்காரர்: அனுமதி வாங்கணுமா?

ஊருக்கு ஊர் மாறும். உங்கள் அரிசோனாவில் நகரங்கள் இதை ஒரேயடியாகத் தடுக்க முடியாது என்று மாநிலச் சட்டமே இருக்கிறது, ஆனால் நேரம், இடம், முறை பற்றி நகரம் விதி போடலாம். மற்ற மாநிலங்களில் நகராட்சியின் திட்டப் பிரிவுக்கு போன் செய்து கேட்டுவிடுங்கள், பத்து நிமிட வேலை. மால் நிலத்தில் நிற்க நில உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். சாலை நடுத் திட்டில் நிற்பது, திரும்பும் வண்டிக்காரரின் பார்வையை மறைப்பது, சக்கர நாற்காலி போக இடம் விடாமல் நிற்பது, இந்த மூன்றும் அனுமதி இருந்தாலும் கூடாது.

விழுப்புரம், நெடுஞ்சாலை ஓட்டல்: இங்கே விசில் அடித்துக் கொடி காட்ட ஆள் வைத்திருக்கிறோம். அம்பு போர்டு மாதிரி செய்யலாமா?

நீங்கள் செய்வதும் இதே தொழில்தான், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். இங்கே சிக்னலில் வண்டி நிற்கும், உங்கள் சாலையில் நிற்காது. 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் நொடிக்கு 28 மீட்டர் போகிறது, ஓட்டல் வாசலில் கொடி காட்டினால் அவர் பிரேக் மிதிக்கும்போது ஓட்டலைத் தாண்டியிருப்பார், இல்லை பின்னால் வருகிற லாரி இடித்துவிடும். தூரத்திலேயே சொல்ல வேண்டியதை நிலையான பலகை சொல்லட்டும். உங்கள் ஆள் சாலை ஓரத்திலிருந்து விலகி உங்கள் நுழைவுக்குள்ளே நின்று வண்டியை உள்ளே அழைத்துவிடட்டும், வித்தை எதுவும் வேண்டாம். அவருக்கு ஒரு நாற்காலியும் போடுங்கள். 2021-லேயே தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். பெரும்பாலும் வயதானவர்கள்தான் அங்கே நிற்கிறார்கள், எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

சான் டியேகோ, ஒரு அப்பா: என் மகன் கல்லூரி விடுமுறையில் இந்த வேலைக்குப் போகிறான். தெரிந்தவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று என் மனைவி அழுகிறார்.

அண்ணா, அண்ணியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், முதல் வாரம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. தெரிந்த கார் வந்தால் போர்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். ஒரு நாள் அப்படி மறைத்தபோது எங்கள் தெரு மாமி ஒருவர் ஹாரன் அடித்து நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, சாப்பிட்டியா என்று கேட்டார். அதன்பிறகு நான் மறைக்கவில்லை. தம்பிக்கு நல்ல ஷூவும், அகல விளிம்புத் தொப்பியும், போர்டு விளிம்புக்கு டேப்பும் வாங்கிக் கொடுங்கள். இரண்டு காதிலும் இயர்போன் போட வேண்டாம் என்று சொல்லுங்கள், பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்க வேண்டும். சனிக்கிழமை அவனுக்கு இடைவேளை எத்தனை மணிக்கு என்று கேட்டுவைத்துக்கொண்டு, அண்ணியையும் கூட்டிக்கொண்டு, ஒரு பாட்டில் உப்புப் போட்ட நீர்மோரோடு போய்வாருங்கள்.