டைமிங் பெல்ட் அறுந்தால் உடனே ஹெட்டைக் கழற்ற வேண்டுமா?

கேள்வி: ஐயா, நான் உப்புவெளியில் இருக்கிறேன். என்னுடையது 1994ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா, பெற்றோல் எஞ்சின். சாசி இலக்கம் ஏஈ100 என்று தொடங்குகிறது. போன கிழமை கந்தளாயிலிருந்து வரும்போது, தம்பலகாமம் சந்தி தாண்டியதும் ஒரு சத்தமும் இல்லாமல் எஞ்சின் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. கட்டி இழுத்து வந்து கராஜில் விட்டேன். டைமிங் பெல்ட் போய்விட்டது, வால்வு எல்லாம் வளைந்திருக்கும், ஹெட்டைக் கழற்ற வேண்டும், அதைவிட ரீகண்டிஷன் எஞ்சின் எடுத்துப் போடுவது நல்லது என்கிறார்கள். கார் வாங்கி ஆறு வருடம், பெல்ட் மாற்றியதில்லை. ஆனால் அதிகம் ஓடவும் இல்லை. என்ன செய்யட்டும்?

பதில்: ஹெட்டில், அதாவது வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பாகத்தில், கைவைக்க வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பெல்ட் போனது அநேகமாக உண்மைதான். வால்வு வளைந்தது என்பது இப்போதைக்கு ஊகம். உங்கள் எஞ்சினைப் பொறுத்தவரை அந்த ஊகம் பிழையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் தண்டு கிராங், வால்வுகளைத் திறக்கும் தண்டு கேம். கிராங் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைப் பிடித்து வைத்திருப்பதுதான் டைமிங் பெல்ட் என்ற பல் வைத்த அந்த ரப்பர் பட்டி. அது அறுந்ததும் கேம் நின்ற இடத்திலேயே நின்றுவிடும், திறந்திருந்த வால்வு திறந்தபடியே கிடக்கும். பிஸ்டனோ வந்த வேகத்தில் இன்னும் சில தடவை ஏறி இறங்கும். சில எஞ்சின்களில் பிஸ்டன் உச்சிக்கு வந்தாலும் திறந்த வால்வில் முட்டாது, நடுவே கொஞ்சம் இடைவெளி மிஞ்சும். சிலவற்றில் மிஞ்சாது, அங்கேதான் வால்வு வளையும். ஏஈ100இல் இருப்பது 5ஏ-எஃப்ஈ என்ற 1.5 லீற்றர் எஞ்சின். அது முதல் வகை. பெல்ட் அறுந்து வந்த இந்த எஞ்சின்கள் புதுப் பெல்ட் போட்டதும் ஒன்றும் நடக்காததுபோல ஓடிப் போனதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அதே உடம்பு, அதே முகம், ஆனால் சீஈ100 என்று தொடங்கினால் உள்ளே இருப்பது 2சீ டீசல். டீசலில் பிஸ்டன் ஹெட்டுக்கு மிக அருகில் வந்து நிற்கும், பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் தப்புவது அரிது. உங்கள் கராஜ்காரர் வான்களிலும் டீசல் கொரோலாக்களிலும் இதைப் பார்த்துப் பழகியவராக இருக்கலாம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பழைய ஹொண்டா சிவிக்கில் வரும் டி15பீயும் வால்வை வளைக்கிற வகைதான். ஆகவே யாராவது "பெல்ட் அறுந்தால் வால்வு போகும்" என்று பொதுவாகச் சொன்னால், எந்த எஞ்சினைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

சரி, பெல்ட்தான் போனது என்பதை முதலில் உறுதிப்படுத்துவோம். அதற்கு ஒன்றும் கழற்றித் தள்ள வேண்டியதில்லை. உங்கள் எஞ்சினில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் கேமின் முனையிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. அதன் மூடியைக் கழற்றிவிட்டு, வேறொருவரை இரண்டு விநாடி சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். உள்ளே சுற்ற வேண்டிய ரோட்டர் அசையாமல் நின்றால் கேம் சுற்றவில்லை என்று அர்த்தம். ரோட்டர் சுற்றினால் பெல்ட் இருக்கிறது. அப்போது ஸ்பார்க்கையும் பெற்றோல் பம்பையும் பார்க்க வேண்டும். நீங்கள் சொல்லும் அந்த "வேகமாகச் சுற்றுகிறது" என்பது நல்ல துப்பு. வால்வுகள் தம் வேலையைச் செய்யாதபோது சிலிண்டரில் காற்று அழுந்தாது, ஸ்டார்ட்டருக்குப் பாரம் இல்லை. காதுக்கு அது தையல் மெஷின் மாதிரி ஒரே சீராகக் கேட்கும்.

இங்கே ஒரு ஏமாற்றமும் உண்டு. மேல் கவரை மட்டும் கழற்றி, "பெல்ட் முழுசாய் இருக்கு" என்று மூடிவிடுவார்கள். பெல்ட் அறுவதைவிட, கீழே கிராங் பல்லில் பிடித்திருக்கிற இடத்தில் ஏழெட்டுப் பல் உரிந்துபோவது சாதாரணமாக நடக்கும். மேலிருந்து பார்த்தால் முழுப் பெல்ட், கீழே வழுக்கை. அதனால்தான் ரோட்டர் அசைகிறதா என்ற சோதனையை நம்பச் சொல்கிறேன்.

அதுவரை காரைக் கட்டி இழுத்து கியரில் போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டாம். உங்கள் எஞ்சின் தாங்கினாலும், இதை வாசிக்கிற சிவிக் வைத்திருப்பவருடையது தாங்காது.

பெல்ட் ஏன் போனது? இந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் புதுப் பெல்ட் போட்டால் அதே வேலை திரும்பவும் வரும். பழைய பெல்ட்டை எறியவிடாமல் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒயிலில் ஊறி மெதுமெதுவென்று இருந்தால் கேம் ஒயில் சீலோ கிராங்கின் முன் சீலோ கசிகிறது. ஓரம் மட்டும் நார் நாராகப் பிரிந்திருந்தால், பெல்ட்டை இறுக்கி வைக்கும் ஐட்லர் உருளை சாய்ந்து ஓடியிருக்கிறது. முதுகு கண்ணாடி போல் மினுங்கி, வளைத்தால் வெடிப்பு விட்டால் அது வயதுதான். ஐட்லரைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் பெரிங் முடிந்துவிட்டது.

வயது என்றதும் நினைவுக்கு வருகிறது. "அதிகம் ஓடவில்லை" என்கிறீர்கள். 2022இல் பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்கில் முற்றத்தில் கிடந்த கார்கள் எத்தனை! ரப்பருக்கு மீற்றர் தெரியாது. ஓடினாலும் நின்றாலும் வெக்கையில் அது காய்ந்துகொண்டேதான் இருக்கும். அதிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் ஐட்லரின் ஸ்பிரிங் கறள் பிடித்திருப்பதைக் கண்டிருக்கிறேன். முன்பு வேலை செய்தவர் பெல்ட் கவரின் ஒரு துண்டைப் பூட்டாமல் விட்டிருந்தால் மணலும் உள்ளே போகும். டொயோட்டா இந்தப் பெல்ட்டுக்குச் சொல்வது ஏறத்தாழ 100,000 கிலோமீற்றர். எங்கள் ஊருக்கு நான் 80,000 அல்லது ஆறு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்பேன். பாவித்து வந்த ஜப்பான் காரின் மீற்றரை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பெல்ட் மாற்றிய பற்றுச்சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியவை: பெல்ட், ஐட்லர் பெரிங், அதன் ஸ்பிரிங், கேம் சீல், கிராங் முன் சீல், வால்வ் கவர் கெஸ்கெட். திருகோணமலையில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும், பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொல்லலாம். பெல்ட்டை மட்டும் மாற்றி ஐட்லரை விடுவது வீண் மிச்சம். உங்கள் எஞ்சினில் வோட்டர் பம்பை இந்தப் பெல்ட் சுற்றுவதில்லை, அதனால் அது கசியவில்லை என்றால் விட்டுவிடலாம். சிவிக்கில் பம்பையும் சேர்த்து மாற்ற வேண்டும். புதுப் பெல்ட்டைப் பழையதோடு பல் எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

பூட்டும் வேலையைக் கொஞ்சம் அருகில் நின்று பாருங்கள். வலப் பக்க எஞ்சின் மவுண்டைக் கழற்ற வேண்டும், அதனால் சம்ப்புக்கு (எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டிக்கு) அடியில் பலகை வைத்து ஜாக் கொடுப்பார்கள். பலகை இல்லாமல் ஜாக்கை நேரே வைத்தால் சம்ப் நெளியும். பிளக் நான்கையும் கழற்றிவிட்டால் கையால் சுற்றுவது சுலபம். கிராங் புலியின் (கிராங் முனையில் உள்ள பெல்ட் சக்கரத்தின்) வெட்டு கவரில் உள்ள 0க்கு நேரே நிற்க வேண்டும். கேம் புலியில் உள்ள சிறு துளை வழியாகப் பார்த்தால் பின்னால் பெரிங் மூடியின் அடையாளம் தெரிய வேண்டும். உங்கள் எஞ்சினில் இரண்டையும் தனித்தனியே சுற்றி நேராக்கலாம், பயமில்லை. வால்வை வளைக்கிற எஞ்சினாக இருந்தால் முதலில் கிராங்கைக் கால் சுற்றுப் பின்னுக்கு எடுத்து, பிஸ்டன் நான்கும் நடுவழியில் நிற்கும்போதுதான் கேமைத் திருப்ப வேண்டும்.

பெல்ட்டைப் போட்டதும் ஐட்லர் போல்ட்டைத் தளர்த்தி ஸ்பிரிங்கை இழுக்க விட்டு, ஸ்பெனரால் கிராங்கை ஓடும் திசையில் முழுதாக இரண்டு சுற்று. திரும்ப இரண்டு அடையாளமும் நேரே வந்தால் ஐட்லரை இறுக்கலாம். ஒரு பல் விலகினால் முதலிலிருந்து. சுற்றும்போது எங்காவது இறுகி நின்றால் பலம் கொடுக்கவே கூடாது.

தொழில் பழகிய காலத்தில், ஸ்பிரிங்கின் பலம் போதாது என்று நினைத்து நான் ஐட்லரை நெம்புகோலால் தள்ளி இறுக்கினேன். புத்தம் புதுப் பெல்ட், விசிலடித்துக்கொண்டு ஓடியது. சில மாதத்தில் பெரிங் உடைந்து, ஹபரணைக் காட்டு வழியில், யானை இறங்குகிற நேரத்தில் அந்தக் கார் நின்றது. சொந்தக்காரர் அடுத்த நாள் வந்து சொன்னவற்றை எழுத முடியாது.

எல்லாம் பூட்டியபின் ஸ்பார்க் விழும் நேரத்தை டைமிங் லைட்டால் பார்த்து 10 பாகையில் வைக்கச் சொல்லுங்கள். பொனெட்டுக்குள் இருக்கும் டயக்னோசிஸ் பெட்டியில் டீஈ1, ஈ1 என்ற முனைகள் இரண்டையும் இணைத்துவிட்டுப் பார்த்தால்தான் அது சரியான அளவு.

ரீகண்டிஷன் எஞ்சினைப் பற்றி ஒரே ஒரு சொல். அதுவும் பாவித்த எஞ்சின்தான், அதிலும் இதே மாதிரிப் பழைய பெல்ட்தான் இருக்கும். அதை இறக்கினாலும் முதல் வேலை பெல்ட் மாற்றுவதுதான்.

பெல்ட் பூட்டியதும், காரை ஓட்டிப் போக முன், கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டரில் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று, பார்க்கச் சொல்லுங்கள். பற்றரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும், பிளக் நான்கும் வெளியே, எக்ஸலரேட்டர் முழுதாக மிதித்தபடி. புதிதாக இந்த எஞ்சின் 190 பிஎஸ்ஐ வரை காட்டும், 140க்குக் கீழே போகக் கூடாது. உங்களுடையதில் நான்கும் 160, 170 என்று கிட்டக்கிட்ட வந்தால் ஹெட்டை மறந்துவிடுங்கள். ஒன்று மட்டும் பூச்சியத்தில் நின்றால், அந்தச் சிலிண்டரின் வால்வ் இடைவெளியை (கேமுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ளதை) ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டு அளவியால் அளக்க வேண்டும். வளைந்த வால்வு முழுதாக மூடாது, இடைவெளி கூடுதலாகக் காட்டும். நான்கு இலக்கங்களையும் எழுதி அனுப்புங்கள், ஹெட்டைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.