இல்லாத மூடிக்கும் வண்ணம்

வணக்கம்.

என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். கனச்செவ்வகத்தின் மொத்தப் புறப்பரப்புக்கான சூத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். ஆனால், ‘60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் கொண்ட மூடியில்லாத தொட்டியின் வெளிப்புறம் முழுவதும், அடிப்பாகம் உட்பட, வண்ணம் பூச வேண்டும், பரப்பு என்ன?’ என்ற கணக்குக்கு 14,800 ச.செ.மீ. என்று எழுதிவிட்டான். விடை 12,400. மூடியில்லாததற்கு ஒன்று, நான்கு சுவருக்கு ஒன்று, கனசதுரத்துக்கு ஒன்று என்று தனித்தனிச் சூத்திரங்களை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வேண்டாம். தெரிந்த அந்த ஒரு சூத்திரத்தையும் கொஞ்ச நாள் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள்.

அவன் எழுதிய விடையைப் பாருங்கள். 14,800-க்கும் 12,400-க்கும் வித்தியாசம் 2,400. அது 60 × 40, அதாவது மூடியின் பரப்பு. பெருக்கலிலும் கூட்டலிலும் ஒரு பிழைகூட இல்லை. இல்லாத மூடிக்கும் சேர்த்து வண்ணம் பூசிவிட்டான், அவ்வளவுதான். கணக்கைப் படித்தபோது அவன் மனதில் தொட்டி வரவில்லை, சூத்திரம் வந்துவிட்டது. பெட்டியைத் தொட்டுப் பார்க்கும் முன்பே பிள்ளைகள் கையில் சூத்திரத்தைத் திணிப்பதால் வரும் கோளாறு இது. அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு காலித் தீப்பெட்டியைக் கொடுங்கள். நீளம் 5, அகலம் 3.5, உயரம் 1.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆறு முகங்களுக்கும் கணக்கிட்டால் 60.5 ச.செ.மீ. வரும். ஆனால் மேலுறைக்கு இரு முனைகளும் திறப்பு, ஆகவே நான்கே முகங்கள். உள்பெட்டிக்கு மேல்பக்கம் இல்லை, ஆகவே ஐந்து. இரண்டில் எதைச் செய்ய எவ்வளவு அட்டை வேண்டும் என்று கேட்டாலும் 60.5 உதவாது.

இப்போது உறையை ஒட்டிய இடத்தில் பிரித்து மேசைமேல் விரிக்கச் சொல்லுங்கள். ஒட்டுக்காக விட்ட பட்டையை மடித்துவிட்டால், நான்கு முகங்களும் சேர்ந்து ஒரே செவ்வகமாகக் கிடக்கும். ஒரு பக்கம் 5 செ.மீ. மறுபக்கம் 3.5 + 1.5 + 3.5 + 1.5, மொத்தம் 10. பரப்பு 50 ச.செ.மீ. அந்தப் 10 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். உறையின் வாயைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்து, ‘சுற்றளவு’ என்று அவனே சொல்ல வேண்டும். எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கள், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். வாய் மேலே பார்க்க உறையை நிமிர்த்தி வைத்தால் அந்த 5 செ.மீ.தான் உயரம். பக்கப்பரப்பு என்பது சுற்றளவை உயரத்தால் பெருக்குவது என்று புரிந்துவிட்டால், அறையின் நான்கு சுவர்களும் அதில் அடங்கும். நாளைக்கு முக்கோணப் பட்டகம் வந்தாலும், உருளையே வந்தாலும் அதே வழிதான். உருளைக்குச் சுற்றளவு வட்டமாக இருக்கும், அவ்வளவே.

பிறகு தொட்டிக்குத் திரும்பலாம். சுற்றளவு 200, உயரம் 50, சுவர்கள் 10,000. அடிப்பாகம் 2,400. மூடி இல்லை. கூட்டினால் விடை.

அலகைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த 12,400 ச.செ.மீ. என்பது 1.24 சதுர மீட்டர். 100-ஆல் வகுத்து 124 சதுர மீட்டர் என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. ஒரு சதுர மீட்டருக்குள் 100 வரிசை, வரிசைக்கு 100 கட்டம் என்று ஒருமுறை தாளில் வரைந்து காட்டினால் போதும்.

இவ்வளவும் கைவந்த பிறகு எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு அவனைக் கூட்டிச் செல்லுங்கள். 10 × 10 × 10 பெட்டியும் 20 × 10 × 5 பெட்டியும் 100 × 10 × 1 பெட்டியும் 1,000 கன செ.மீ. கொள்பவை. புறப்பரப்போ முறையே 600, 700, 2,220. உள்ளே கொள்ளும் பொருள் அதேதான், மேலே சுற்றும் தாள் மட்டும் மூன்றரை மடங்குக்கு மேல் போகிறது. பெட்டி தட்டையாக ஆக ஆக மேற்பரப்பு பெருகும். எல்லாப் பக்கமும் சமமாகும்போது மிகக் குறையும்.

அடுத்து ஒரே அளவுள்ள எட்டுச் சிறு கனசதுரங்களைக் கொடுங்கள். பக்கம் 1 செ.மீ. போதும். அவற்றை ஒட்டிவைத்து எத்தனை விதமான கனச்செவ்வகங்கள் செய்யலாம், எதற்குப் புறப்பரப்பு குறைவு என்று கணக்கிடும் முன்பே ஊகித்துச் சொல்லச் சொல்லுங்கள். 34, 28, 24 என்று மூன்று விடைகள் வரும். ஒட்டும் ஒவ்வொரு இடத்திலும் எத்தனை முகங்கள் மறைகின்றன என்று அவன் எண்ணத் தொடங்கினால் எனக்கு எழுதுங்கள், அடுத்த கணக்கு அனுப்புகிறேன்.