மரத்தடி மழை: ஏலத்தோட்டத்தாரின் கேள்விகள்

கோடை மழை நாலு தூறல் விழுந்தால் போதும், இடுக்கிப் பக்கத்திலிருந்து நிழல் மரத்தைப் பற்றிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் சில.

சார், முதல் கோடை மழையன்று களத்தில் ஒரு வாளியும் பலா மரத்தடியில் ஒரு வாளியும் வைத்தேன். பலாவடித் தண்ணீரில், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பல மடங்கு கூடுதலாகக் காட்டுகிறது. நிறமும் டீத்தண்ணி மாதிரி. மரத்துக்கு ஏதும் நோயா? – வண்டன்மேடு வாசகர்

நோயெல்லாம் இல்லை, மரம் நன்றாகத்தான் இருக்கிறது. வானத்திலிருந்து வரும் மழை கிட்டத்தட்ட உப்பில்லாத நீர். காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் மட்டுமே அதன் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண்) 5.6 அளவில், லேசான புளிப்போடு இருக்கும். அது இலையில் பட்டதும் இரண்டு வேலை நடக்கிறது.

மழையில்லாத நாட்களில் இலைமேல் படிந்த ரோட்டுப் புழுதி, புகை, கடற்காற்று கொண்டுவந்த உப்பு எல்லாம் முதலில் கழுவப்படும். அடுத்து, இலைக்கு உள்ளிருந்தே சத்து கசியும். அதில் முதலிடம் சாம்பல் சத்துக்கு, அதாவது பொட்டாசியத்துக்கு. சுண்ணாம்புச் சத்து இலையின் செல்சுவரில் கட்டுண்டு கிடக்கும், மக்னீசியத்தில் ஒரு பகுதி பச்சையத்தில் இருக்கும். பொட்டாசியமோ எதனோடும் ஒட்டாமல் செல்சாற்றில் கரைந்தே இருப்பது. அதனால் நனைந்தவுடன் வெளியேறிவிடும். முற்றிய இலை, பூச்சி கடித்த இலை என்றால் இன்னும் கூடுதல். இந்தச் சத்துகள் வெளியே வரும்போது மழையிலுள்ள அமிலத்தை இலை வாங்கிக்கொள்ளும். ஆகவே பல அகன்ற இலை மரங்களின் கீழே சொட்டும் நீர், திறந்தவெளி மழையைவிடப் புளிப்புக் குறைந்தே இருக்கும். டீ நிறம் இலையிலும் பட்டையிலும் ஊறிய துவர்ப்புப் பொருட்களால் வருவது.

ஆனி, ஆடியில் விடாமல் பெய்யும்போது அதே வாளியை வைத்துப் பாருங்கள். இலை ஏற்கெனவே கழுவப்பட்டிருப்பதால் வித்தியாசம் வெகுவாகக் குறைந்திருக்கும்.

அப்படியானால் பலா நிழலில் இருக்கும் ஏலத்தூர்களுக்குப் பொட்டாஷ் உரத்தைக் குறைக்கலாமா? – குமுளி வாசகர்

வேண்டாம். மரத்திலிருந்து சொட்டும் நீரில் இருக்கும் பொட்டாஷில் பெரும்பகுதி அந்த மரமே உங்கள் மண்ணிலிருந்து உறிஞ்சியதுதான். ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுக்கிறது. தோட்டத்துக்குப் புதிதாக வருவது புழுதியும் கடலுப்புமாக வந்து சேர்ந்த பங்கு மட்டும். நீங்களோ காயைப் பறித்து வெளியே அனுப்புகிறீர்கள், அதற்கு ஈடு செய்துதான் ஆக வேண்டும். ஆழத்தில் வேர்விடும் மரம் கீழே இறங்கிப்போன சத்தை மேலே இழுத்துத் தருகிறது என்பது உண்மை. அதை உரக்கணக்கில் கழிக்க மண் பரிசோதனை முடிவு கையில் இருக்க வேண்டும்.

வாகமண் பைன் காட்டில் தரையில் ஒன்றும் முளைக்கவில்லையே, அந்த மழைநீர் அமிலமா? – ஏலப்பாறை வாசகர்

கொஞ்சம் உண்டு. ஊசியிலை மரம் ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும். ஊசிகளின் மொத்தப் பரப்பும் அதிகம், அதனால் மூடுபனியையும் காற்றிலுள்ள கந்தக, நைட்ரஜன் சேர்மங்களையும் நிறையப் பிடித்துவைக்கும். ஜெர்மனியின் சோலிங் மலைப்பகுதியில் அகன்ற இலையுள்ள பீச் மரக்காட்டையும் ஊசியிலையுள்ள ஸ்ப்ரூஸ் காட்டையும் பல ஆண்டுகள் ஒப்பிட்டு அளந்தபோது, ஊசியிலைக் காட்டின் கீழேதான் கந்தகமும் அமிலமும் கூடுதலாக இறங்கின. ஆனால் அது ஆலைப்புகை மிகுந்திருந்த காலத்து ஐரோப்பா. அந்தக் கணக்கை வாகமண்ணுக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது. இங்கே நிழலையும், மக்காமல் மெத்தையாகக் கிடக்கும் ஊசிச் சருகையும்தான் நான் முதலில் குற்றம் சொல்வேன்.

கிராண்டிஸ் (யூக்கலிப்டஸ்) மரத்துச் சொட்டு விஷமாமே? – மூணாறு வாசகர்

யூக்கலிப்டஸ் இலைச்சாற்றை ஊற்றி விதை முளைக்காமல் செய்வது ஆய்வகத்தில் சுலபம். மூணாறு மழையில் அது எவ்வளவு நீர்த்துப்போகும் என்று யோசியுங்கள். தண்ணீருக்கு வேர்கள் போடும் போட்டிதான் பெரிய தொல்லை.

மண் மாதிரியை மரத்தடியில் எடுக்கலாமா? – நெடுங்கண்டம் வாசகர்

தண்டை ஒட்டி எடுக்காதீர்கள். கிளையில் சேரும் நீரில் ஒரு பங்கு தண்டு வழியே இறங்குகிறது. மொத்த மழையில் அது பெரும்பாலும் சில சதவீதமே. ஆனால் முழுவதும் மரத்தின் அடியில் ஒரு சிறு வட்டத்துக்குள் வந்து விழும், பட்டையில் ஊறிய உப்போடு. கமுகு போல வழவழப்பான தண்டில் ஓட்டம் கூடுதல், வெடித்த சொரசொரப்பான பட்டை நிறையக் குடித்துவிடும். அந்த வட்டத்து மண்ணைக் கொடுத்தால் வரும் முடிவு உங்கள் ஏலத்தூருக்குப் பொருந்தாது. தண்டுக்கும் கிளை விளிம்புக்கும் நடுவே, நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்து கொடுங்கள்.

மரத்தடிச் சொட்டுநீரை அளக்க விரும்புகிறவர்களுக்கும் இதுவே. ஒரு வாளி போதாது, ஒரே மரத்தின் கீழ் இடத்துக்கு இடம் மாறும். வாய்க்கு வலை கட்டுங்கள், ஒரு பறவை எச்சம் விழுந்தால் கணக்கே கெட்டுவிடும். அன்றைக்கே அளந்துவிடுங்கள், நின்ற நீரின் குணம் மாறும். விலை மலிந்த பி.எச். மீட்டர் மழைநீரில் நிலைகொள்ளாமல் ஆடும், அதை நம்பிச் சுண்ணாம்பு வாங்கிவிடாதீர்கள்.