அய்யனை நடக்க வைப்பது எப்படி? – பதில்

கோபி பக்கம் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டதிலிருந்து உங்கள் அய்யன் டிவி முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார், நடக்கச் சொன்னால் "காட்டுல நடக்காத நடையா"னு கோபப்படுகிறார், முட்டிவலி வேறு என்று எழுதியிருந்தீர்கள். அவர் கோபம் நியாயமானதுங்க. வாழ்நாளெல்லாம் வேலைக்காக நடந்தவருக்குச் சும்மா நடப்பது வெட்டிவேலையாகத்தான் தெரியும். அதனால் 'உடற்பயிற்சி' என்ற பேச்சையே எடுக்காதீர்கள், வேலை கொடுங்கள். காலையில் பால் வாங்கி வருவது, பேரனைப் பள்ளிக்கூட வேன் வரைக்கும் விடுவது, வாரச்சந்தைக்குக் கூட வருவது, இப்படி.

முட்டி தேய்மானத்துக்கு ஓய்வே மருந்து என்று பலரும் நினைக்கிறார்கள், அது தப்பு. தொடைச் சதைதான் முட்டியைத் தாங்குகிறது, உட்கார்ந்தே இருந்தால் அது கரைந்து வலி கூடத்தான் செய்யும். கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து உட்காரச் சொல்லுங்கள், முடியாவிட்டால் ஊன்றிக்கொள்ளட்டும். முதலில் நாலைந்து தடவை போதும். கீழே விழாமல் இருக்க இந்தக் கால் பலம்தான் முக்கியம், நடை மட்டும் பத்தாது.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு என்கிறது, அதை இப்போதே அவரிடம் சொல்லி மிரட்ட வேண்டாம், பத்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள். சர்க்கரை மாத்திரை போடுகிறவர் என்றால் வெறும் வயிற்றில் அனுப்பாதீர்கள். நெஞ்சு அடைத்தாலோ தலை சுற்றினாலோ உடனே டாக்டர்தான். அப்புறம், செருப்பைப் பாருங்கள், தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.