நூலகத்தில் கூப்பிட்ட சேர்ச் ஆட்கள்: கல்லடித் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, கனடாவில் ஸ்காபரோ நூலகத்தில் இரண்டு பெண்கள் அன்பாகக் கதைத்து, செவ்வாய்க்கிழமை இலவச ஆங்கில வகுப்புக்கும் சாப்பாட்டுக்கும் கூப்பிட்டதாக எழுதியிருந்தீர்கள். சேர்ச் ஆட்கள், நான் சைவ சமயம், போனால் மதம் மாற்றிவிடுவார்களா என்று கேட்டீர்கள். போங்கள். அகதிக் கோரிக்கை முடிவாகும்வரை மத்திய அரசின் இலவச மொழி வகுப்பு உங்களுக்குக் கிடைக்காது. இப்படியான வகுப்பில்தான் வாய் திறக்கப் பழகலாம்.

ஆனால் நூலகத்துக்குள் நடப்பதெல்லாம் நூலகம் நடத்துவது இல்லை. அங்குள்ள அறைகளை வெளிக்குழுக்களும் வாடகைக்கு எடுக்கலாம். "யார் நடத்துறது, கடைசியில் பைபிள் படிப்பு இருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

உங்கள் பயம் எனக்கு நன்றாக விளங்குகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் மட்டக்களப்புப் பக்கம் நிவாரணத்தோடு ஜெபக் கூட்டமும் வந்தது. அரிசிப் பையை வாங்கும்போதே அம்மா "இதுக்கு என்ன கேட்பாங்களோ" என்றார். அதே அம்மாதான் ஆயித்தியமலை மாதாவுக்கு நேர்த்தி வைத்து மெழுகுதிரி கொளுத்தியவர். நான் படித்ததும் மெதடிஸ்த மத்திய கல்லூரியில்தான். 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் கடல் கடந்து வந்து தொடங்கிய பள்ளிக்கூடம் அது. மறு வருடமே அவர் மட்டக்களப்பில் இறந்துபோனார். நாங்கள் திருநீறு பூசிக்கொண்டே அங்கே படித்து வந்தோம்.

என் முதல் குளிர்காலத்தில், ஒரு சேர்ச்சின் நிலக்கீழ் அறையில் ஒரு வயதான அம்மா எனக்குத் தடித்த ஜக்கெட் ஒன்றைப் போட்டுவிட்டு, கையுறையையும் மாட்டிவிட்டார். அந்த நன்றிக்கடனுக்காக நாலு மாதம் ஞாயிறு ஆராதனைக்குப் போனேன். மனம் அங்கே இல்லை, சொல்லவும் வெட்கம். ஒருநாள் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். "அப்படியென்றால் வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு மட்டும் வா" என்றார் அவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் அறை நண்பனுக்கோ இன்னொரு குழுவில் வேறு மாதிரி நடந்தது. ஞானஸ்நானம் வேண்டாம் என்றதும் அவனுடைய தொலைபேசி அழைப்பையே எடுக்காமல் விட்டார்கள். தனியாக வந்தவன், ஆறு மாதம் அவர்களைத்தான் குடும்பம் என்று நினைத்திருந்தான். அந்த வலி அவனுக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் சொல்கிறேன், ஒரே இடத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கோயிலுக்கும் போங்கள், ஊர்ச் சங்கத்துக்கும் போங்கள்.

அப்புறம், கேஸ் விபரம் எதையும் அங்கே கதைக்க வேண்டாம், அது லோயரோடு மட்டும். கேஸுக்கு உதவும் என்று யாராவது சொன்னால் அதற்காக ஞானஸ்நானம் எடுக்காதீர்கள். நம்பிக்கை உண்மையானதா என்று விசாரணையில் துருவிக் கேட்பார்கள். உங்களுக்கு மனதார விருப்பம் வந்தால் அது வேறு கதை, அதில் யாரும் தலையிட முடியாது.

செவ்வாய்க்கிழமை போய்விட்டு வந்து எழுதுங்கள். பனிச் சப்பாத்து இருக்கா? எட்டாம் அளவு என்றால் என்னிடம் ஒரு சோடி கிடக்கிறது, கொண்டுவந்து தருகிறேன்.